பாத்துப் போடுங்க

மதுரைப் பக்கத்து ஆட்கள் லாட்ஜில் வந்து நின்று "வாடகையைக் குறைங்க" என்று கேட்க மாட்டார்கள். "பாத்துப் போடுங்க தம்பி" என்பார்கள். 1986 முதல் ஐந்து வருஷம் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முப்பத்திரண்டு அறை உள்ள லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஐந்து வருஷமும் நான் சம்பளம் வாங்கியது இந்த இரண்டு சொல்லுக்குப் பதில் சொல்லத்தான் என்று இப்போது தோன்றுகிறது. லெட்ஜர் எழுதுவது, அட்வான்ஸ் வாங்குவது, ராத்திரி போலீஸ் ஸ்டேஷனுக்குத் தங்கியிருப்பவர்கள் பட்டியல் அனுப்புவது எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை. பார்ப்பதுதான் கஷ்டம்.

சுவரில் பெயின்டால் எழுதிய வாடகைப் பலகை இருந்தது. சிங்கிள் 35, டபுள் 60, மூன்று கட்டில் 80. டபுளில் பத்து ரூபாய் வரை நானே குறைக்கலாம். அதற்கு மேல் என்றால் முதலாளியைக் கேட்க வேண்டும். லெட்ஜரில் கடைசியாக 'குறிப்பு' என்று ஒரு கட்டம். ஏன் குறைத்தோம் என்பதை அதில் எழுதியாக வேண்டும். 'ரெகுலர்', 'லேட் நைட்', 'ஆஸ்பத்திரி', 'பரீட்சை'. முதலாளி சொல்லிக் குறைத்தால் 'மு.சொ.' மாதக் கடைசியில் முதலாளி வரவைவிட அந்தக் கட்டத்தைத்தான் நிதானமாகப் படிப்பார். ஒரு பக்கம் முழுக்க 'ரெகுலர்' என்று இருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்ப்பார். அதற்கே எனக்கு வியர்க்கும்.

எனக்கு வேலை பழக்கியவர் நைட் மானேஜர். அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பத்தாவதுக்கு மேல் படிக்காதவர். முதல் வாரமே அவர் சொன்னது: "மல்லிப்பூவும் ரூமும் ஒண்ணுடா. ராத்திரிக்குள்ள வித்தாத்தான் பூ. விடிஞ்சா குப்பை." பூக்காரம்மா எட்டு மணிக்கு மேல் முழத்தைத் தாராளமாக அளக்கிற மாதிரி, ரூமும் கடைசி ரயில் வந்துபோன பிறகு இறங்கி வர வேண்டும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கை அவர் காசோடு வைத்திருந்தார். விரிப்பு, தலையணை உறை சலவை, சோப்பு, கரண்ட், தண்ணீர் எல்லாம் சேர்த்து ஓர் அறையில் ஓர் ஆள் தங்கினால் லாட்ஜுக்குச் செலவு எட்டு ரூபாய். அதற்கு மேல் எது வந்தாலும் லாபம்தானே, அப்படியானால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வருகிறவருக்குப் பத்து ரூபாய்க்குக் கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். "கொடுக்கலாம். காலைல அந்த ஆளும் பக்கத்து ரூம்காரரும் ஒரே டீக்கடையிலதான நிப்பாங்க?" என்றார். குறைப்பது ஒருத்தரோடு முடிவதில்லை என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். அறுபது கொடுத்தவர் நாற்பத்தைந்து கொடுத்தவரைச் சந்தித்தால், அவர் இழந்தது பதினைந்து ரூபாய் இல்லை. நம் லாட்ஜின் மேல் வைத்த நம்பிக்கையை. ஆகவே குறைத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். மற்றவர் கேட்டால் தலையாட்டி ஒத்துக்கொள்கிற காரணமாக இருக்க வேண்டும். குறிப்புக் கட்டம் இருந்தது அதற்காகத்தான்.

அதே கணக்கைத்தான் எண்பதுகளின் நடுவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்ப்யூட்டரில் ஏற்றியது. காலியாகப் பறந்துவிட்ட இருக்கையைத் திரும்ப விற்க முடியாது; எந்த நாள் எவ்வளவு காலி விழும் என்று முன்கூட்டியே கணித்து, அதற்கேற்ப விலையை ஏற்றி இறக்கு. பின்னால் மாரியட் ஓட்டல்காரர்கள் அதை அறைகளுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு ஒரே நாளில் அறை விலை நாலு தடவை மாறுகிறதே, அதன் வேர் அங்கே இருக்கிறது. இதைப் பல வருஷம் கழித்துப் படித்தபோது அண்ணன் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

ஓட்டல் உலகத்தில் முழு வாடகையை 'ரேக் ரேட்' என்பார்கள். பழைய ஓட்டல்களில் மேசைக்குப் பின்னால் அறைவாரியாகச் சீட்டுச் செருகி வைக்கும் ரேக் இருக்கும். அதில் இருந்து வந்த பெயர். எங்களிடம் இருந்தது சாவிப் பலகை. எட்டு எட்டாக நாலு வரிசை ஆணி, ஒவ்வொன்றிலும் பித்தளை வில்லையோடு சாவி. நாலு ஊர் சுற்றிய மெடிக்கல் ரெப் உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்க்க மாட்டார். என் தோளுக்கு மேல் சாவிப் பலகையைப் பார்ப்பார். இருபது சாவி தொங்கினால் இன்றைக்குத் தன் கைதான் ஓங்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அண்ணன் சாயங்காலம் விளக்கு வைத்ததும் பாதிச் சாவியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். "நாலு ரூம்தான் சார் இருக்கு" என்று நானும் கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

வாடகையைத் தொடாமலே மனசு குளிரவைக்கிற வழிகளும் இருந்தன. எங்களுடையது இருபத்துநாலு மணி நேரக் கணக்கு. பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியற்காலையில் இறங்கியவர் மறுநாள் அதே நேரத்துக்குள் காலி செய்ய வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலில் காலைப் பூஜை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டால் மூன்று மணி நேரம் சேர்த்துக் கொடுப்போம். பாத்ரூமுக்கு ஒரு வாளி வெந்நீர். பெரியவர்களுக்கு மாடி ஏறாத அறை. வருஷம் பூரா வருகிற ஜவுளி வியாபாரிகள் ஐந்து ரூபாய் குறைப்பதைவிட, காற்று வருகிற அந்த 204-ஐத் தங்களுக்காக வைத்திருப்பதைத்தான் பெரிதாக நினைத்தார்கள். ஆட்டோவில் வந்து இறங்குகிறவருக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டோக்காரர் வாசலிலேயே நிற்பார். அவருக்குப் பத்து ரூபாய் கமிஷன் போய்விடும். குறைக்க வேண்டிய பணம் அங்கே முடிந்தது. "அடுத்த தடவை ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே வாங்க சார், கூப்பிடு தூரந்தான்" என்று மெதுவாகச் சொல்லி அனுப்புவேன்.

அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976-இல் பதினோரு படுக்கையோடு ஆரம்பித்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது தென்மாவட்டம் முழுக்க அங்கே வந்துகொண்டிருந்தது. ராமநாதபுரம், தேனி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அம்மாவையோ அப்பாவையோ கைப்பிடித்துக் கூட்டி வருவார்கள். இன்னொரு பக்கம் பெரியாஸ்பத்திரி. அங்கே நோயாளி வார்டில் படுத்திருப்பார். கூட வந்த மூன்று பேர் குளிக்கவும் மாற்றி மாற்றித் தூங்கவும் ஓரிடம் தேடுவார்கள். இவர்களுக்கு 'ஆஸ்பத்திரி' என்று குறிப்பு எழுதிப் பத்து ரூபாய் குறைக்க முதலாளியின் நிரந்தர அனுமதி உண்டு. சீட்டைக் காட்டு என்று நாங்கள் கேட்டதே கிடையாது. கையில் சுருட்டிய பாயும் ஃபிளாஸ்க்கும் தெரிந்தால் போதும்.

ஆனால் பார்க்கிற கண்ணுக்குக் கோளாறும் உண்டு. அதைச் சொல்லாமல் அந்தக் காலம் பொற்காலம் என்று எழுதினால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

ஓர் ஐப்பசி மழை ராத்திரி. அண்ணன் லீவு. பதினோரு மணிக்கு மேல் ஒருவர் வந்தார். கைலி, நனைந்த மஞ்சப்பை, ஒரு வாரத் தாடி. படியேறி வந்து மேசையைத் தொடாமல் தள்ளியே நின்றார். "ரூம் எம்புட்டுங்க?" என்றார். நான் பார்த்தது கைலியை. இழுப்பறையில் பதினோரு சாவி கிடந்தது. "ரூம் இல்லை" என்று சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் நின்றார், பாத்துப் போடுங்க என்றுகூடச் சொல்லவில்லை, இறங்கிப் போனார். காலையில் டீ குடிக்க ஸ்டேஷன் பக்கம் போனபோது முன்வாசல் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை, ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டிருந்தது. ராத்திரி அந்தக் குழந்தை மழைக்கு ஒதுங்கி எங்கள் லாட்ஜ் வாசற்படிக்குக் கீழேதான் நின்றிருக்க வேண்டும். எனக்கு மேசையிலிருந்து தெரியவில்லை. எழுந்து எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அண்ணனிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பாத்துப் போடுன்னு உன்னை உக்கார வச்சா, நீ பாக்காமலே சொல்லிட்டியேப்பா" என்றார், அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. நாற்பது வருஷம் ஆகப்போகிறது, அந்தப் பஞ்சுக் கட்டு எனக்கு மறக்கவில்லை. தனியாக வந்த பெண்களுக்கு இல்லை என்றோம். திருநங்கைகளுக்கு இல்லை என்றோம். ஊர் பேரைக் கேட்டுவிட்டுத் தெருப் பேரையும் கேட்கிற லாட்ஜுகள் அந்த வரிசையிலேயே இருந்தன. எதற்காகக் கேட்கிறார்கள் என்பது கேட்டவருக்கும் தெரியும், பதில் சொன்னவருக்கும் தெரியும். மேசைக்குப் பின்னால் இருப்பவன் முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்ற உரிமையில் இதுவும் அடங்கித்தான் இருந்தது.

1991-இல் அந்த வேலையை விட்டு வேறு ஊர், வேறு தொழில் என்று போய்விட்டேன். பழகிய ஓரிருவர் அதே தொழிலில் இருந்தார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஒருவர் போன் செய்து புலம்பினார். ஆயிரம் ரூபாய்க்குக் கீழே வாடகை என்றால் வரி இல்லை. அதனால் ஊர் பூரா அறைகள் 999 ஆயின. இவர் ஓட்டலில் பலகை விலை 1,200. ஏழைப்பட்டவர் வந்தால் 900-க்குத் தருவார். ஆனால் வரி எத்தனை சதவீதம் என்பதை வாங்கிய பணத்தை வைத்து இல்லாமல், பலகையில் அறிவித்த விலையை வைத்துத் தீர்மானித்தார்கள். முந்நூறு ரூபாய் குறைத்து வாங்கினாலும் 12 சதவீதம் கட்டு. "குறைச்சுக் கொடுத்தது அரசாங்கக் கண்ணுக்கே தெரியலைப்பா" என்றார். ஒரு வருஷம் கழித்து, 2018 ஜூலையில், உண்மையில் வாங்கிய தொகையைப் பார்த்து வரி என்று மாற்றினார்கள். 2022 ஜூலையில் ஆயிரத்துக்குக் கீழே இருந்த விலக்கும் போனது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம் ஆனது. சின்ன லாட்ஜுக்காரர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பலகையை அழித்து எழுதினார்கள். பிறகு பலகையே போய்விட்டது.

சில மாதங்களுக்கு முன் என் மனைவிக்குக் கண்ணில் புரை எடுக்க மதுரை போனோம். எங்கள் பழைய லாட்ஜ் இருந்த இடத்தில் துணிக்கடைக் குடோன். பக்கத்து வீதியில் ஒரு புது ஓட்டலுக்குள் போனோம். குளிர்ந்த ஹால், கண்ணாடி மேசை, பின்னால் வெறும் சுவர். சாவிப் பலகை இல்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதுப் பெண். டபுள் ரூம் 1,850 என்றாள். எனக்குப் பழைய நாக்கு. "பாத்துப் போடும்மா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை, முகத்தையும் சுளிக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சார், எங்களால ஒரு ரூபாகூடக் குறைக்க முடியாது. மானேஜர் பாஸ்வேர்ட் போட்டாத்தான் டிஸ்கவுன்ட் கட்டமே திறக்கும். நீங்க இங்க நின்னுக்கிட்டே ஆப்ல போடுங்க. 1,460 காட்டும்."

நின்றுகொண்டே போட்டேன். 1,460 காட்டியது. 'இந்த விலையில் இன்னும் 2 அறைகள் மட்டுமே' என்று சிவப்பில் ஒரு வரி. இழுப்பறையில் அண்ணன் சாவிகளைப் போடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஓட்டலுக்கும் எனக்கும் நடுவே மூன்றடி மேசைதான். என் பணம் அந்த மூன்றடியைக் கடக்க ஆப் கம்பெனி வரை போய், கமிஷன் கழிந்து, திரும்ப வர வேண்டும். எவ்வளவு கழியும் என்று கேட்டேன். ஐந்தில் ஒரு பங்கு என்றாள். அந்தப் பணத்தை எனக்குப் பாதி, ஓட்டலுக்குப் பாதி என்று பிரித்திருந்தாலே இரண்டு பேருக்கும் நல்லது. ஆனால் ஆப்பில் உள்ளதைவிட மேசையில் குறைத்துக் கொடுத்தது தெரிந்தால் பட்டியலில் கீழே தள்ளிவிடுவார்களோ என்று முதலாளிக்குப் பயமாம்.

அந்தப் பயம் ஆகாயத்திலிருந்து வந்ததில்லை. மற்ற தளங்களிலும் சொந்த இணையதளத்திலும்கூட எங்களைவிடக் குறைந்த விலை போடக் கூடாது என்று ஓட்டல்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களுக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப், கோஐபிபோ நிறுவனத்துக்கு 223 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்து, அந்த நிபந்தனைகளை எடுக்கச் சொன்னது. காகிதத்தில் நிபந்தனையை எடுத்துவிடலாம். மேசைக்குப் பின்னால் நிற்கும் பெண்ணின் கைக்கு அந்தப் பத்து ரூபாய் அதிகாரம் திரும்ப வரவில்லை. எனக்கு ஆற்றாமை அதில்தான். முப்பத்தைந்து ரூபாய் லாட்ஜில் பத்தாவது படித்த ஆளை நம்பிக் கொடுத்த அதிகாரத்தை, பட்டம் படித்து நாலு மொழி பேசுகிற இந்தப் பெண்ணுக்குக் கொடுக்க யாருக்கும் மனசில்லை.

ஆப்புக்கு என் கைலி தெரியாது, தெருப் பேர் தெரியாது. அந்த ஐப்பசி ராத்திரி வந்தவர் கையில் இந்தப் போன் இருந்திருந்தால் அவருக்கு அறை கிடைத்திருக்கும். இதை நான் எத்தனை தடவை யோசித்தாலும் மறுக்க முடியவில்லை. அவர் குழந்தையின் கட்டும் அதற்குத் தெரிந்திருக்காது என்பதையும் மறுக்க முடியவில்லை.

நாங்கள் அடையாள அட்டையைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வயசான தம்பதி கதவைத் தள்ளத் தெரியாமல் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அந்த அம்மாவின் ஒரு கண்ணில் பச்சைத் துணி மறைப்பு. பெரியவர் தோளில் துண்டு, கையில் பட்டன் போன். விலையைக் கேட்டதும் இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பாத்துப் போடு தாயி. நாளைக்குக் காலைல கட்டுப் பிரிக்கணும், போயிருவோம்."

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் போனை மறுபடி எடுத்தேன். "வேற ஆளுக்குப் போடுறதுன்னு ஒரு கட்டம் இருக்கும் சார், அதைத் தொட்டு அவங்க பேரைப் போடுங்க" என்றாள். இதற்குள் 1,460 என்பது 1,550 ஆகியிருந்தது. நான் ஓர் அறையை எடுத்ததால் அறை குறைந்துவிட்டது என்று கணக்குக்குத் தெரிந்திருக்கிறது. பெரியவரிடம் 1,460 என்று சொன்னேன். அவர் எச்சில் தொட்டு எண்ணி, பத்து ரூபாய்த் தாள்களும் சேர்த்து, என் கையில் கொடுத்தார். என் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அறையைத் திறக்க அட்டை. அதைச் செருகினால்தான் விளக்கு எரியும். பெரியவர் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். அந்தப் பெண் மேசையை விட்டு எழுந்து வந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்து லிஃப்டுக்குக் கூட்டிப் போனாள். ஐந்து நிமிஷம் ரிசப்ஷனில் ஆளே இல்லை. போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது.

திரும்பி வந்தவள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. மேசைக்கு அடியிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற நோட்டு, மூலை மடங்கியிருந்தது. பேனாவால் கோடு போட்டுக் கட்டம் பிரித்திருந்தாள். எங்கள் அறைக்கான அட்டையை வாங்க நான் குனிந்தபோது அவள் எழுதியது தெரிந்தது: '107. கண் ஆஸ்பத்திரி. காலை 5 மணிக்கு எழுப்பணும். வெந்நீர்.'